லோக்கல் ரயிலில் மலைக்கும் கடலுக்கும்: மும்பைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாகுலிக் கோட்டையிலிருந்து இறங்கி முடித்தபோது மணி ஆறே முக்கால். டிசம்பர் மாதம், நன்றாக இருட்டிவிட்டது. காலையில் எங்களை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர் எப்போதோ வீடு போய்ச் சேர்ந்திருப்பார். அடிவார ஊரிலிருந்து ஆசன்காவ் ஸ்டேஷன் வரை ஐந்தாறு கிலோமீட்டர், கைப்பேசி வெளிச்சத்தில் நடந்தோம். என் மைத்துனன் வழி நெடுக வாய் திறக்கவில்லை. ரயில் கல்யாணைத் தாண்டிய பிறகுதான் சொன்னான்: "அத்தான், அடுத்த தடவை போகிற வழியைப் பார்க்காதீர்கள். வருகிற வழியை முதலில் பாருங்கள்."

அன்று எரிச்சலாக இருந்தது. இப்போது யார் கேட்டாலும் அதையேதான் நான் சொல்கிறேன். சயானிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் இருக்கும் நம்மவர்களில் பலர், மலை என்றால் காரும் ஓட்டுநரும் ஹோட்டல் அறையும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சஹ்யாத்ரி மலைத்தொடரோ லோக்கல் ரயில் ஜன்னலுக்கு வெளியிலேயே நிற்கிறது. இரண்டாம் வகுப்புக் கட்டணம் கர்ஜத்துக்கோ கசாராவுக்கோ ஒரு வழிக்கு ஐம்பது ரூபாய்க்கும் குறைவுதான். மலையடி வரை போவது சுலபம். அங்கிருந்து வீடு திரும்புவதற்குத்தான் திட்டம் வேண்டும்.

முதல் படி: கடைசி வண்டியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஒரு தாளில் கீழிருந்து மேலாக எழுதுங்கள். வீட்டில் எத்தனை மணிக்கு இருக்க வேண்டும், அதற்கு எந்த ரயில், அந்த ரயிலைப் பிடிக்க அடிவாரத்திலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், அந்த நேரத்தில் பங்கு ஆட்டோ அல்லது எஸ்.டி. என்னும் மாநில அரசு பஸ் இருக்கிறதா, அதற்கு உச்சியிலிருந்து எப்போது இறங்கத் தொடங்க வேண்டும். கடைசியாக வரும் விடைக்கு நான் வைத்திருக்கும் பெயர் "திரும்பும் மணி". உச்சிக்குப் பத்து நிமிடத் தொலைவில் நின்றாலும் அந்த மணி அடித்துவிட்டால் இறங்கிவிட வேண்டும். ஒரு நாள் பயணம் எதுவானாலும் என் கணக்கில் அது பகல் ஒரு மணி.

டிசம்பரில் மும்பையில் ஆறு மணியளவில் சூரியன் மறைகிறது, ஜூனில் ஏழேகாலுக்கு. இந்த ஒன்றேகால் மணி நேர வித்தியாசத்தை மறந்ததால்தான் மாகுலியில் மாட்டிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: மெகா பிளாக். தண்டவாளப் பராமரிப்புக்காக ஞாயிறு பகலில் சில மணி நேரம் சில பாதைகளை மூடிவிடுவார்கள். எந்தப் பாதை என்பது வாரத்துக்கு வாரம் மாறும், முன்கூட்டியே அறிவிப்பும் வரும். காலையில் முதல் வண்டியில் போகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. மாலை மூன்று மணிக்குத் திரும்புகிறவர்கள்தான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். சனிக்கிழமை விடுமுறை கிடைக்கிறவர்கள் சனிக்கிழமையே போங்கள். மலையில் கூட்டமும் குறைவாக இருக்கும்.

இரண்டாம் படி: எந்த வழித்தடம் எந்த மலைக்கு

மத்திய ரயில்வேயின் முக்கியப் பாதை கல்யாணில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ஆசன்காவ், கசாரா வழியாக நாசிக் பக்கம் ஏறுகிறது. மற்றொன்று வாங்கணி, நேரல், பிவ்புரி ரோடு, கர்ஜத் என்று போகிறது. மலை ஏற விரும்புகிறவருக்கு இந்த இரண்டாவது கிளை பொன்னானது. கல்யாணைத் தாண்டியதும் வண்டி போகும் திசையில் வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், மாத்தேரான் மலை கூடவே வரும்.

துறைமுகப் பாதை பன்வேலில் முடிகிறது. செம்பூர்க்காரர்களுக்கு அது வீட்டு வாசல். மேற்கு ரயில்வே விரார் தாண்டி டஹாணு ரோடு வரை போகிறது. அது கடற்கரைக்கான பாதை.

சயானில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கர்ஜத், கசாரா விரைவு வண்டிகள் சயானில் நிற்பதில்லை. குர்லாவுக்கோ தாதருக்கோ போய் ஏறுங்கள். மொபைல் செயலியில் டிக்கெட் எடுப்பதானால் ஸ்டேஷனுக்குள் நுழையும் முன்பே எடுத்துவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே வாங்கிவிட்டால், மாலையில் களைத்துப்போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: பருவம்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை எதற்கும் நல்லது. மார்ச் முதல் மே வரை வெயில் ஏறும் முன்பே, காலை பத்து மணிக்குள் ஏற்றத்தை முடித்துவிடும் பாதைகள் மட்டும். அக்டோபரில் மழை நின்று புழுக்கம் கூடுகிறது. ஆனால் புல் இன்னும் பச்சையாக இருக்கும், நீர்வீழ்ச்சிகளும் முழுவதும் வற்றியிருக்காது.

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. சஹ்யாத்ரியின் அழகே மழையில்தான் என்பார்கள், அது உண்மை. அதே மழையில் எரிமலைப் பாறை சோப்புக் கட்டியைப்போல வழுக்கும், மூடுபனியில் பத்தடி முன்னால் இருப்பவர் தெரியமாட்டார், காலையில் தாண்டிய ஓடை மாலையில் தாண்ட விடாது. ஆண்டுதோறும் கர்ஜத், லோனாவாலா வட்டாரங்களில் அருவிகளுக்கும் அணைகளுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை உத்தரவு போடுவது வழக்கம். போவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் முறை போகிறவர் மழைக்காலத்தில் போகக் கூடாது என்பது என் முடிவான கருத்து. இதில் யார் சண்டைக்கு வந்தாலும் சரி.

மலைச்சரிவுகளில் கார்வி என்றொரு புதர் மண்டிக் கிடக்கும். அது நம் குறிஞ்சியின் நெருங்கிய உறவு. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது, கார்வி ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை. பூக்காத ஆண்டிலும் அதற்கு ஒரு பயன் உண்டு. வழுக்கும்போது அதன் அடித்தண்டைப் பிடித்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: முதல் மலை, கர்நாளா

முதன்முதலில் போகிறவர்களை நான் கர்நாளாவுக்குத்தான் அனுப்புகிறேன். பன்வேல் வரை லோக்கல். அங்கிருந்து எஸ்.டி. பஸ் நிலையத்துக்குப் போய், பேண் அல்லது அலிபாக் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள். மும்பை–கோவா நெடுஞ்சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கர்நாளா பறவைகள் சரணாலயத்தின் வாசலிலேயே இறங்கலாம். எல்லா வண்டிகளும் நிற்பதில்லை. ஏறும் முன் நடத்துநரிடம் "கர்நாளா தாம்பணார் கா?" என்று கேளுங்கள், நிற்குமா என்று பொருள். அவர் தலையாட்டினால் ஏறுங்கள்.

1968இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் இது. பரப்பு பன்னிரண்டு சதுர கிலோமீட்டர்தான். வாசலில் நுழைவுக் கட்டணம் உண்டு. பையில் இருக்கும் பிளாஸ்டிக் பொருட்களை எண்ணி முன்பணம் வாங்குவதும் வழக்கம், திரும்பும்போது காட்டினால் அது கிடைத்துவிடும். அதனால் கொறிக்கும் பொட்டலங்களை வீட்டிலேயே பிரித்துத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு போங்கள்.

மேலே போக ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம். பாதை தெளிவாக இருக்கிறது, பெரும்பகுதி மர நிழல். உச்சியில் நூறடிக்கு மேல் செங்குத்தாக நிற்கும் கற்தூண்தான் கர்நாளாவின் அடையாளம். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதுபோல் இருக்கும், நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். தூணின் காலடியில் பாறையைக் குடைந்து வெட்டிய நீர்த்தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. தூண் மேல் ஏறுவது கயிறு கட்டி ஏறத் தெரிந்தவர்களின் வேலை, நமக்கு அது வேண்டாம்.

இங்கே அஞ்ச வேண்டியது சிறுத்தையைக் கண்டு அல்ல, தேனீயைக் கண்டு. தூணில் பெரிய மலைத்தேனீக் கூடுகள் தொங்குகின்றன. உரக்கக் கத்துவது, பாட்டுப் பெட்டி வைப்பது, புகை பிடிப்பது, வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போவது எல்லாம் அவற்றைக் கிளப்பிவிடும். எங்கள் கட்டடத்துக் குடும்பம் ஒன்று கற்பூரம் ஏற்ற நினைத்தது. நல்லவேளை, பாட்டியே தடுத்துவிட்டார்.

ஐந்தாம் படி: ரயிலிலிருந்து ரயிலுக்கு, பிவ்புரி–கார்பெட்–மாத்தேரான்–நேரல்

கர்நாளாவை இரண்டு முறை முடித்தவர்கள் அடுத்து இதற்கு வரலாம். ஒரு ஸ்டேஷனில் இறங்கி மலையைத் தாண்டி வேறொரு ஸ்டேஷனில் ஏறும் பாதை. கார் வைத்திருப்பவர்களால் இது முடியாது, அவர்கள் வண்டி நிறுத்திய இடத்துக்கே திரும்ப வேண்டும். எனக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம் உண்டு.

ஏழு மணிக்குள் பிவ்புரி ரோட்டில் இறங்கிவிடுங்கள். ஸ்டேஷனின் மேற்குப் பக்கம் வந்து பாலி பூதிவலி அணையை விசாரியுங்கள். ஊர் வயல்களைத் தாண்டியதும் அணைக்கரை வரும். அதற்கு அப்பால் எழுந்து நிற்கும் சரிவில்தான் ஏற வேண்டும். வழியில் பழங்குடிக் குடியிருப்புகள் உண்டு, ஊர்ப்பெயர்கள் வாடி என்று முடியும். மாடு மேய்க்கும் தடங்கள் பல கிளைகளாகப் பிரிவதால் இங்கேதான் வழி தவறும். "கார்பெட்சி வாட் குட்டே ஆஹே?" என்று கேட்டால் சிறுவர்கள்கூடக் கையைக் காட்டுவார்கள். கையைக் காட்டியதோடு விடாமல், அடுத்த அடையாளம் என்ன என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வாடியிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. கூலியை முன்பே பேசி, பேரம் பேசாமல் கொடுங்கள்.

செங்குத்தான சரிவு முடிந்ததும் கார்பெட் மேட்டுநிலம் திறக்கும். ஒரு பக்கம் அணை, மறுபக்கம் மாத்தேரானின் செங்குத்துப் பாறைச் சுவர். மழை முடியும் செப்டம்பர், அக்டோபரில் முழங்கால் உயரப் புல்லும் மஞ்சள் பூக்களும். காலை உணவை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் நின்று புகைப்படம் எடுப்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

அங்கிருந்து மீண்டும் ஏறினால் கார்பெட் முனை வழியாக மாத்தேரானுக்குள் நுழைவீர்கள். காலடி மண் செம்மண்ணாக மாறுவதைக் கவனியுங்கள். கீழே கரும்பாறை, மேலே செம்புரை மண். ஸ்டேஷனிலிருந்து மொத்த ஏற்றம் எழுநூறு மீட்டருக்கும் மேல். கடைவீதியை அடைய ஐந்திலிருந்து ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தாணே மாவட்ட ஆட்சியராக இருந்த ஹியூ மேலட் 1850இல் கண்டறிந்த மலைவாசஸ்தலம் இது. உயரம் ஏறத்தாழ 800 மீட்டர். காரும் பைக்கும் ஊருக்குள் வர முடியாது, தஸ்தூரி நாக்காவிலேயே நின்றுவிட வேண்டும். 1907இல் ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தார் அமைத்த இரண்டடி அகலப் பாதையில் நேரலிலிருந்து பொம்மை ரயில் வருகிறது. ஊட்டி ரயில்போலப் பல்சக்கரம் கிடையாது, வளைந்து வளைந்தே ஏறும். மழைக்காலத்தில் நேரல் சேவையை நிறுத்திவிட்டு, மேலே அமன் லாட்ஜ் ஸ்டேஷனுக்கும் மாத்தேரானுக்கும் இடையில் மட்டும் ஓட்டுவார்கள்.

திரும்பும் வழி: கடைவீதியிலிருந்து தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்தால் முக்கால் மணியில் தஸ்தூரி வரும். அங்கே பங்கு டாக்ஸிகள் நிற்கும், ஆள் நிறைந்ததும் நேரல் ஸ்டேஷனுக்கு இறங்கும். மாலை நான்கு மணிக்குள் அங்கே இருங்கள். அதற்குப் பிறகு வரிசை நீளும். குரங்குகளுக்குக் கையில் தெரியும் எந்தப் பொருளும் சாப்பாடுதான்.

இதே நேரலிலிருந்து பேப் கோட்டைக்கும் ஏறலாம், விகட்கட் என்றும் சொல்வார்கள். இரும்பு ஏணிகள் உண்டு, உயரத்துக்குப் பயப்படுகிறவர்கள் வேண்டாம்.

ஆறாம் படி: கால் பழகியவர்களுக்கு

மாகுலி: ஆசன்காவில் இறங்கி ஆட்டோ. 850 மீட்டருக்கு மேல் உயரம், தாணே மாவட்டத்தின் உயரமான கோட்டை. ஆட்டோக்காரரின் எண்ணை வாங்கி, திரும்ப வரும் நேரத்தைச் சொல்லி வையுங்கள். ஏன் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

கள்சுபாய்: 1646 மீட்டர், மகாராஷ்டிரத்தின் மிக உயரமான சிகரம். கசாரா வரை லோக்கல், பிறகு பங்கு ஜீப்பிலோ பஸ்ஸிலோ கோட்டி, அங்கிருந்து பாரி என்னும் அடிவார ஊர். இரண்டு மாற்றங்கள் இருப்பதால் ஒரே நாளில் போய்வருவது இழுபறி. பாரியில் ஓர் இரவு தங்கினால், சோளரொட்டியும் பிட்லா என்னும் கடலைமாவுக் குழம்பும் சாப்பிட்டு விடியலில் ஏறலாம்.

லோஹகட்: இதற்கு லோக்கல் போதாது. காலையில் புறப்படும் இந்திராயணி அல்லது டெக்கான் எக்ஸ்பிரஸில் லோனாவாலா, அங்கிருந்து புணே லோக்கலில் அடுத்த ஸ்டேஷனான மளவ்லி. வழியிலேயே கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாஜா குடைவரைகள் இருக்கின்றன. கோட்டையிலிருந்து தேள் கொடுக்குபோல நீளும் ஒரு கற்சுவர் முனைக்காகவே போகலாம். 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. லோஹகட் அதில் ஒன்று. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளன, பன்னிரண்டாவது நம்முடைய செஞ்சி.

ஏழாம் படி: கடற்கரைக்கு நாள்காட்டியைப் பாருங்கள்

நம் ஊர்க் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு பாடம் காத்திருக்கிறது. சென்னையில் ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறி இறங்குவது ஒரு மீட்டரைச் சுற்றித்தான். மும்பைக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது நான்கு மீட்டரைத் தாண்டும். காலையில் நடந்த மணல் மதியம் கடலாகிவிடும். மராத்தியில் ஏற்றத்துக்குப் பரதி, வற்றத்துக்கு ஓஹோட்டி. இந்த இரண்டு சொற்களும் தெரியாமல் கரையோரம் நடக்காதீர்கள்.

சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியே பாதி வேலையைச் செய்துவிடும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் மும்பையில் நண்பகலை ஒட்டி ஏற்றம் வருகிறது. பிறகு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆகவே சதுர்த்தி, பஞ்சமியில் காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் கடல் நன்றாக உள்வாங்கியிருக்கும். அப்படிப்பட்ட நாளாகப் பார்த்து வையுங்கள். நிமிடக் கணக்கை ஓத அட்டவணையில் சரிபாருங்கள். வற்ற நேரத்துக்கு எதிரே இருக்கும் மீட்டர் எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது.

இந்தக் கணக்கு எதற்கு? அலிபாக்கின் குலாபாக் கோட்டைக்கு. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மாண்ட்வாவுக்குப் படகு, ஏறத்தாழ ஒரு மணி நேரம். பெரும்பாலான படகு டிக்கெட்டிலேயே மாண்ட்வாவிலிருந்து அலிபாக் போகும் பஸ்ஸும் சேர்ந்திருக்கும். கோட்டை கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் கடலுக்குள் நிற்கிறது. வற்றத்தில் நடந்தே போகலாம், ஏற்றத்தில் படகுதான். உச்ச வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு இறங்கி நடங்கள், வற்றம் முடிந்து ஒரு மணிக்குள் கரை ஏறிவிடுங்கள். கரையில் நிற்கும் குதிரை வண்டிக்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அட்டவணையைக் காட்டி அவரிடம் வாதம் செய்யாதீர்கள். சிவாஜியின் காலத்தில் தொடங்கிய கோட்டை, பிறகு மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரேயின் தளம். சுற்றிலும் உப்புக் கடல் இருக்க, உள்ளே நல்ல தண்ணீர்க் கிணறு.

பிற்பகலில் வர்சோலி வரை சவுக்குத் தோப்பின் ஓரமாக நடக்கலாம். இன்னொரு நாள் வடக்கே கிஹிம் கரைக்குப் போங்கள். பறவையியலாளர் சாலிம் அலி தூக்கணாங்குருவிகளை ஆராய்ந்த இடம் அது. மழைக்காலத்தில் கேட்வே படகுகள் நின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

அலிபாக் தூரம் என்றால் மனோரி. மலாட் ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் மார்வே, அங்கிருந்து சில நிமிடப் படகில் மனோரி. அங்கிருந்து வடக்கு நோக்கி கோராய் வரை கரையோரம் நடக்கலாம். பாறையோ வேலியோ வரும் இடங்களில் சாலைக்கு ஏறிவிடுங்கள். கோராயிலிருந்து பஸ் பிடித்தால் பயந்தர் ஸ்டேஷன். இதுவும் ஸ்டேஷனிலிருந்து ஸ்டேஷனுக்கான பாதைதான்.

அமைதிதான் வேண்டும் என்றால் கேள்வே. கேள்வே ரோடு ஸ்டேஷனில் இறங்கிப் பங்கு ஆட்டோவில் கரை. விராருக்கு அப்பால் வண்டிகளின் இடைவெளி பெரிது, ஒன்று தவறினால் அடுத்ததற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும்.

எட்டாம் படி: பை

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். புளியோதரை அல்லது எலுமிச்சைச் சாதம், வாழைப்பழம், வெல்லக் கடலைமிட்டாய். ஏறும்போது தயிர்ச்சாதம் வேண்டாம், தூக்கம் வரும். தலையில் கட்டும் விளக்கு, பகல் பயணமானாலும் கட்டாயம். பிடிப்புள்ள காலணி, மாற்று உடை, சில்லறை நோட்டுகள். மலையிடுக்கில் கைப்பேசி சிக்னல் போய்விடும், செயலிப் பணம் அங்கே உதவாது. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வையுங்கள். எங்கே போகிறீர்கள், எந்த ரயிலில் திரும்புகிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்கு எழுதி அனுப்புங்கள். அவசரத்துக்கு 112.

அடிவார ஊரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், இறங்கியவுடனே கேட்டுவிடுங்கள்: "ஷேவட்சி காடி கிதி வாஜதா?" கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று.

ஒன்பதாம் படி: வீடு திரும்பும் இருக்கை

ஞாயிறு மாலை நேரல் பிளாட்பாரத்தில் நின்றால், கர்ஜத்திலிருந்து வரும் வண்டி ஏற்கெனவே நிரம்பி வரும். மலை ஏறிய காலோடு தாதர் வரை ஒன்றே முக்கால் மணி நேரம் நிற்க யாருக்கும் ஆசை இருக்காது. அதனால் காலையிலேயே நேரலுக்குப் பதிலாகக் கர்ஜத் வரை திரும்பும் டிக்கெட் எடுத்துவிடுவேன். சில ரூபாய்தான் கூடுதல். மாலையில் நேரலில் கர்ஜத்துக்குத் தனி டிக்கெட் எடுத்து, எதிர்த்திசை வண்டியில் கர்ஜத் போய், அங்கே சுடச்சுட ஒரு வடா பாவ் வாங்கிக்கொண்டு, புறப்படத் தயாராக நிற்கும் காலி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவோம். நேரலில் வண்டி நிற்கும்போது என் மைத்துனன் தூங்கிப்போயிருப்பான்.